கேட்ரிட்ஜ் பிழைத்தது, கேபிள் அறுந்தது

1989இல் வந்த முதல் கேம் பாயின் பவர் சுவிட்ச் தலைப்பக்க விளிம்பில் இருக்கும். அதை ஆன் பக்கம் தள்ளினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாக்கும் கூடவே நகர்ந்து, கேட்ரிட்ஜின் மூலையில் வெட்டிவிட்டிருக்கும் இடத்தில் போய் உட்காரும். கேம் ஓடும்போது கேட்ரிட்ஜை யாரும் உருவிவிடக் கூடாது. அதற்கான தாழ்ப்பாள் அது. 1998இல் கேம் பாய் கலர் வந்ததும் இந்தத் தாழ்ப்பாளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. கலர் பெட்டியில் மட்டும் ஓடும் கேட்ரிட்ஜ்களில் அந்த வெட்டு கிடையாது. பழைய பெட்டியில் சொருகலாம். ஆனால் சுவிட்ச் நகராது. ‘இது உனக்கான கேம் இல்லை’ என்று சொல்ல ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு மூலையை வெட்டாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

கையடக்க கேம் பெட்டிகளில் எது எதோடு சேரும், எது சேராது என்பதெல்லாம் இப்படித்தான் முடிவாகியிருக்கிறது. கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் மின்னழுத்தம், ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் பழைய சிப். புதுப் பெட்டி வெளியாகும்போதெல்லாம் பத்திரிகைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்கும்: பழைய கேம் இதில் ஓடுமா? ஓடும் என்றால் கைதட்டுவார்கள். இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஓடுகிற அந்தப் பழைய கேமை, முன்பு விளையாடியது போலப் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து விளையாட முடியுமா?

கேம் பாயில் இரண்டு வாசல்கள் உண்டு. முதுகில் கேட்ரிட்ஜ் ஸ்லாட், விலாவில் கேபிள் சொருகும் சின்ன போர்ட். ஸ்லாட்டின் வாக்குறுதியை நிண்டெண்டோ 16 ஆண்டுகள் காப்பாற்றியது. கேம் உலகில் அது பெரிய சாதனை. அதே நிறுவனத்தின் டிவி பெட்டிகளில் ஃபேமிகாம் கேட்ரிட்ஜ் சூப்பர் ஃபேமிகாமில் ஓடாது, அதன் கேட்ரிட்ஜ் நிண்டெண்டோ 64இல் ஓடாது. விலாவில் இருந்த போர்ட்டின் கதை வேறு. அதன் வடிவத்தை மாற்றினார்கள், மின்னழுத்தத்தை மாற்றினார்கள், பேசும் முறையை மாற்றினார்கள், கடைசியில் எடுத்தே விட்டார்கள்.

எட்டுத் துடிப்பில் ஒரு கைமாற்று

கேம் பாயை உருவாக்கியது நிண்டெண்டோவின் முதல் ஆராய்ச்சிப் பிரிவு. தலைவர் குன்பெய் யோகோய். பொறியியல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் சதோரு ஒகாடா. பழகிப்போய் விலை மலிந்த உதிரிபாகங்களை வைத்துப் புது விளையாட்டை யோசிப்பதுதான் யோகோயின் வழி. கேம் பாயின் திரை நான்கு சாயல் மட்டும் காட்டும், 160க்கு 144 புள்ளி. வேலை செய்ய 8 கிலோபைட் நினைவகம். நான்கு பென்சில் பேட்டரி. அடுத்தடுத்து வந்த அடாரி லிங்க்ஸும் சேகாவின் கேம் கியரும் கலர் திரையோடு மின்னின, பேட்டரியை விழுங்கின. அவற்றிலும் கேபிள் போட்டு விளையாட வழி இருந்தது. சொல்லப்போனால் லிங்க்ஸில் பல பெட்டிகளை ஒரே சரமாகக் கோக்கலாம். ஆனால் கோக்கிற அளவுக்கு ஒரே தெருவில் லிங்க்ஸ்கள் இருக்க வேண்டுமே.

கேம் பாயின் போர்ட் செய்யும் வேலை மிக எளிமையானது. அதனாலேயே எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை. இரண்டு பெட்டியிலும் ஆளுக்கு ஒரு பைட், அதாவது எட்டு பிட், தயாராக நிற்கும். ஒரு பெட்டி தாளம் போடும். ஒவ்வொரு தட்டுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிட் அந்தப் பக்கம் போகும், அதே நேரத்தில் அங்கிருந்து ஒரு பிட் இங்கே வரும். எட்டுத் தட்டு முடிந்தால் இரண்டு பைட்களும் இடம் மாறியிருக்கும். கொடுக்காமல் வாங்க முடியாது, வாங்காமல் கொடுக்க முடியாது. விநாடிக்கு 8,192 தட்டு, அதாவது 1,024 பைட். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. டெட்ரிஸுக்கு அது தாராளம்.

அமெரிக்காவில் கேம் பாயோடு டெட்ரிஸையும் சேர்த்துத் தர வேண்டும் என்று நிண்டெண்டோவின் மினோரு அரகாவாவைச் சம்மதிக்க வைத்தவர் ஹெங்க் ரோஜர்ஸ். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் எழுதிய கேம் இப்படித்தான் கோடிக் கைகளுக்குப் போனது. டெட்ரிஸை நாம் தனியாள் விளையாட்டாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த கேட்ரிட்ஜில் இருவர் மோதும் ஆட்டமும் இருந்தது. ஒருவருக்கு மரியோ, மற்றவருக்கு லூயிஜி. நீங்கள் ஒரே அடியில் பல வரிசைகளை அழித்தால் எதிராளியின் குவியலுக்கு அடியிலிருந்து குப்பை வரிசைகள் கிளம்பி மேலே தள்ளும். நம் ஊருக்கு இந்த விளையாட்டு பெரும்பாலும் ‘பிரிக் கேம்’ என்ற மலிவுப் பெட்டியாக வந்து சேர்ந்தது. அதில் 999 விளையாட்டு, 9,999 விளையாட்டு என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். போர்ட் மட்டும் இருக்காது. ஆகவே எதிராளியின் அடியில் குப்பை தள்ளும் சுகம் நமக்குத் தெரியாமலே போனது.

இந்த போர்ட்டில் இன்னொரு கேம் பாயைத்தான் மாட்ட வேண்டும் என்பதில்லை. 1990இல் வந்த எஃப்-1 ரேஸ் கேமோடு நான்கு பேரை இணைக்கும் அடாப்டரைத் தந்தார்கள். 1998இல் ஒரு குட்டி பிரிண்டர் வந்தது. சிங்கர் நிறுவனம் ஐசெக் என்று ஒரு தையல் மெஷினை விற்றது; எம்பிராய்டரி டிசைனைத் தேர்ந்தெடுப்பது கேம் பாய் திரையில், தைப்பது மெஷின். இரண்டுக்கும் நடுவில் இதே கேபிள். ஜப்பானில் 2001இல் செல்போனையே இந்த போர்ட்டில் மாட்டும் அடாப்டர் வந்தது. போக்கிமான் கிரிஸ்டல் வைத்திருந்தவர்கள் அதன் வழியாக முகம் தெரியாத ஊர்க்காரரோடு பண்டமாற்று செய்தார்கள். அந்தச் சேவையை அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள்.

கம்பிக்குள் ஊர்ந்த பூச்சி

டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்த சதோஷி தஜிரிக்குச் சிறுவயதில் பூச்சி பிடிப்பதுதான் பொழுது. வளர்ந்தபின் கேம் ஃப்ரீக் என்று வீடியோ கேம்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தினார். பிறகு அதே பெயரில் கேம் செய்யும் நிறுவனம். இரண்டு கேம் பாய்களை ஒரு கம்பி இணைத்திருப்பதைப் பார்த்தபோது, அதற்குள் ஒரு பூச்சி ஊர்ந்து அந்தப் பக்கம் போவதாக அவருக்குத் தோன்றியது. போக்கிமான் அந்தக் கற்பனையிலிருந்து பிறந்தது. முடிக்க ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக ஜப்பானில் வெளியானது. கேம் பாய்க்கு அப்போது ஏழு வயது. பலர் அதன் காலம் முடிந்தது என்றே கணித்திருந்தார்கள்.

சிவப்பில் இருக்கும் சில பிராணிகள் பச்சையில் இல்லை, பச்சையில் இருப்பவை சிவப்பில் இல்லை. சில பிராணிகள் கைமாறினால்தான் அடுத்த உருவம் எடுக்கும்: கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எத்தனை மாதம் விளையாடினாலும், இன்னொருவரின் பெட்டிக்குள் போய் வராமல் ஹாண்டர் ஜெங்கராக மாறாது. வியாபாரத் தந்திரம் என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. இரண்டு கேட்ரிட்ஜ் விற்க வழி என்பது உண்மைதான். ஆனால் அதுவரை அலங்காரமாக விலாவில் இருந்த ஒரு போர்ட்டைக் கதையின் மையத்துக்கே கொண்டுவந்த கேம் இதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த 1,024 பைட் வேகத்தில் இரண்டு பேர் சண்டை போடுவது எப்படி? கேம் ஃப்ரீக் கண்ட வழி அழகானது. சண்டை கம்பியில் நடப்பதே இல்லை. ஆரம்பத்தில் இரு பெட்டிகளும் ஒருவர் அணியை மற்றவருக்கு முழுசாகக் கொடுத்துவிடும். தாளம் போடும் பெட்டி கூடவே கொஞ்சம் குருட்டாம்போக்கான எண்களையும் அனுப்பும். அதன் பிறகு இரண்டு பெட்டிகளும் ஒரே சண்டையைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டு நடத்தும். அடி பட்டதா, தவறியதா என்பதை ஒரே எண் பட்டியலிலிருந்து எடுப்பதால் இரு திரையிலும் ஒரே முடிவு வரும். கம்பியில் போவது ‘நான் இந்த அடியைத் தேர்ந்தெடுத்தேன்’ என்ற தகவல் மட்டும்.

கைமாற்றில் இன்னொரு நுட்பம். 254 என்ற எண்ணுக்கு அவர்கள் வைத்த பொருள் ‘இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை’. ஆனால் அனுப்ப வேண்டிய பிராணியின் விவரத்திலேயே 254 வந்துவிட்டால்? அந்த இடத்தில் 255 என்று மாற்றி அனுப்பிவிட்டு, எந்தெந்த இடத்தில் மாற்றினோம் என்று தனியாக ஒரு பட்டியலும் அனுப்பினார்கள். மறுபக்கம் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஓட்டைகளும் இருந்தன. சரியான நொடியில் ஒருவர் பவரை அணைத்துவிட்டால் ஒரு பெட்டி சேமித்திருக்கும், மற்றது சேமித்திருக்காது; ஒரே பிராணி இரண்டு பக்கமும் இருக்கும். இதை நகலெடுக்கும் வித்தையாகப் பிள்ளைகள் உலகம் முழுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சாமர்த்தியமெல்லாம் கேட்ரிட்ஜுக்குள் இருந்தது என்பது. கேம் பாயில் இயங்குதளம் என்று ஒன்று கிடையாது. ‘நண்பரை இணை’ என்று கேட்டால் செய்து தர உள்ளே ஆள் இல்லை. ஒவ்வொரு கேமும் தானே நேராக போர்ட்டின் கதவைத் தட்டி, தன் சொந்த மொழியில் பேச வேண்டும். டெட்ரிஸின் மொழி போக்கிமானுக்குத் தெரியாது. அவ்வளவு ஏன், ஜப்பானியப் போக்கிமானையும் ஆங்கிலப் போக்கிமானையும் கேபிளால் இணைத்தால் சேமித்த ஆட்டமே நாசமாகிவிடும். ஜப்பானிய எழுத்தில் பெயருக்கு ஐந்து இடம் போதும், ஆங்கிலத்தில் பத்து வேண்டும். அதனால் விவரங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே மாறிப்போயிருந்தது. ஒரே பெட்டி, ஒரே கேபிள், ஒரே கேம். இருந்தும் பேச முடியவில்லை.

பெரிய பின், சின்ன பின்

போக்கிமான் வெளியான அதே 1996இன் ஜூலையில் கேம் பாய் பாக்கெட் வந்தது. ஒல்லியான பெட்டி, தெளிவான திரை, எல்லாப் பழைய கேட்ரிட்ஜும் ஓடும். கேபிள் போர்ட்டை மட்டும் சிறியதாக்கிவிட்டார்கள். நோக்கியா சார்ஜர் பெரிய பின்னிலிருந்து சின்ன பின்னுக்கு மாறியபோது வீட்டுக்கு வீடு நடந்த கூத்து நினைவிருக்கும், அதேதான். உள்ளே சமிக்ஞை மாறவில்லை, தாளம் மாறவில்லை, ஆறு முனையும் அப்படியே. ஆனால் அண்ணனிடம் பெரிய கேம் பாய், தம்பியிடம் பாக்கெட் என்றால் நடுவே ஒரு அடாப்டர் வேண்டும். நாடே பிராணி மாற்றிக்கொள்ள ஆரம்பித்த பருவத்தில் செய்த வேலை இது. பெட்டியை ஒல்லியாக்க வேறு வழியில்லை என்பார்கள். இருக்கலாம். அதே ஒல்லிப் பெட்டியில் ஸ்லாட்டின் அளவை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்கத் துணியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

கேம் பாய் கலர் ஸ்லாட்டுக்கு இன்னும் மரியாதை செய்தது. சிப் அதே குடும்பம். வேகம் மட்டும் இரட்டிப்பாகும், வேண்டாமென்றால் பழைய வேகத்திலேயே ஓடும். பழைய கறுப்பு வெள்ளை கேமைச் சொருகினால் பெட்டியே வண்ணம் பூசும். நிண்டெண்டோவின் சொந்த கேமா என்று முதலில் பார்க்கும். ஆம் என்றால் பெயரில் உள்ள எழுத்துகளின் எண்களைக் கூட்டி, உள்ளே வைத்திருக்கும் அட்டவணையில் தேடும். போக்கிமானின் சிவப்புப் பதிப்புக்குச் செம்மை, நீலப் பதிப்புக்கு நீலம். பிடிக்காவிட்டால் தொடங்கும்போது திசைப் பட்டனோடு ஏ அல்லது பி பட்டனைச் சேர்த்து அழுத்தி வேறு நிறம் எடுத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுப் பழைய கேமுக்காக இவ்வளவு மெனக்கெட்ட பெட்டியைப் பிறகு நான் பார்த்ததில்லை.

1999 நவம்பரில் வந்த போக்கிமான் தங்கம், வெள்ளிப் பதிப்புகள் இந்த மொத்தக் கதையின் உச்சம். அந்த கேட்ரிட்ஜில் மூலை வெட்டு இருந்தது. 1989இன் சாம்பல் நிறப் பெட்டியிலும் அது ஓடும். அதோடு ‘டைம் கேப்சூல்’ என்று ஒரு வசதி: புதிய பதிப்பிலிருந்து பழைய சிவப்பு, பச்சைப் பதிப்புக்குக் கேபிள் வழியே பிராணியை அனுப்பலாம், திரும்ப வாங்கலாம். விதி ஒன்றுதான். பழைய கேமுக்குத் தெரிந்த 151 பிராணிகளுக்குள் இருக்க வேண்டும், பழைய கேமுக்குத் தெரிந்த அடிகளை மட்டுமே கற்றிருக்க வேண்டும்.

இதைச் செய்த விதம்தான் ருசி. புதிய பதிப்பில் பிராணிகள் கையில் ஒரு பொருளை வைத்துக்கொள்ளலாம். பழைய பதிப்பில் அந்த ஏற்பாடே இல்லை. அதற்கென்று இடமும் இல்லை. ஆனால் பழைய பதிப்பில் ஒவ்வொரு பிராணியோடும் ‘இதைப் பிடிப்பது எவ்வளவு கடினம்’ என்று ஒரு எண் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து முடிந்த பிறகு அதனால் ஒரு பயனும் இல்லை. புதிய பதிப்பு அந்த பைட்டையே கையில் உள்ள பொருளாகப் படித்தது. ஸ்நார்லாக்ஸைப் பிடிக்கும் கடினம் 25. டைம் கேப்சூல் வழியே தங்கப் பதிப்புக்குள் வந்தால், அந்தச் சாப்பாட்டு ராமன் கையில் மிச்சச் சோற்றோடு நிற்கும். போக்கிமான் மஞ்சள் பதிப்பில் முதல் நாளே உங்கள் கையில் கொடுக்கப்படும் பிகாச்சுவின் எண் 163. அது புதிய பதிப்பில் பிகாச்சுவுக்கென்றே இருக்கும் ஒளிப்பந்து. மஞ்சள் பதிப்பு முன்னால் வந்தது, தங்கம் பின்னால். வரப்போகிற கேமை மனதில் வைத்து முந்தைய கேமிலேயே ஒரு பைட்டைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். இணக்கம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த பைட்தான், எந்த சிப்பும் இல்லை.

ஒரு பெட்டிக்குள் இரண்டு பெட்டி

2001 மார்ச்சில் வந்த கேம் பாய் அட்வான்ஸ் வேறு ஜாதி. 32 பிட் ஏஆர்எம் சிப், அகலத் திரை. பழைய கேட்ரிட்ஜை ஓட்ட அந்த சிப்புக்கு வழியில்லை. ஆகவே பழைய எட்டு பிட் சிப்பையும் கூடவே உள்ளே வைத்துவிட்டார்கள். ஸ்லாட்டுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. புதிய கேட்ரிட்ஜின் வடிவம் அதைத் தொடாது. பழைய கேட்ரிட்ஜின் உடம்பு அதை அழுத்தும். அழுத்தினால் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏறும், பழைய சிப் விழிக்கும், பெரிய சிப் உறங்கப் போகும். இரண்டும் சேர்ந்து ஒருபோதும் வேலை செய்யாது.

கேபிளிலும் புதுமை. ஒரு முனை ஊதா, மறுமுனை சாம்பல், நடுவில் ஒரு கட்டை. ஊதா முனை யாரிடம் இருக்கிறதோ அவர் முதல் ஆள். கட்டையில் இன்னொரு கேபிளைச் சொருகி, அதன் கட்டையில் மற்றொன்றைச் சொருகி, நான்கு பேர்வரை சேரலாம். அடாப்டர் தேவையில்லை. இதைவிடப் பெரிய விஷயம், ஒரே கேட்ரிட்ஜை வைத்து நான்கு பேர் ஆடலாம் என்பது. கேட்ரிட்ஜ் இல்லாத பெட்டி கேபிளில் காத்துக்கொண்டு நிற்கும். இருக்கிற பெட்டி 256 கிலோபைட்வரை ஒரு குட்டி கேமையே அதன் நினைவகத்துக்குள் அனுப்பிவிடும். பவரை அணைத்தால் காணாமல் போகும். மரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட்டில் இப்படிச் சேருபவர்களுக்குச் சில பாதைகள்தான், எல்லோருக்கும் வண்டியோட்டி யோஷிதான், நிறம் மட்டும் வேறு. இல்லாதவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட அந்த ஏற்பாட்டுக்கு நிண்டெண்டோவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் பழைய கேட்ரிட்ஜைப் போட்டால் அட்வான்ஸின் கேபிள் உதவாது. கலர் காலத்துக் கேபிள்தான் வேண்டும். அட்வான்ஸ் போர்ட் அதை ஏற்கும். அட்வான்ஸ் கேபிளோ பழைய கலர் பெட்டிக்குள் நுழையவே நுழையாது. முனையில் ஒரு புடைப்பு வைத்துத் தடுத்துவிட்டார்கள். 2002இல் போக்கிமான் ரூபி, சஃபையர் வந்தபோது கதவு முழுசாகச் சாத்தப்பட்டது. பிராணிகளின் பிறவித் திறன் எண்கள் அதுவரை 0 முதல் 15 வரை இருந்தன. இப்போது 31 வரை. குணம், சிறப்புத் திறமை என்று புதுப் புது விவரங்கள். மின்னழுத்தம் வேறு, பேச்சு வேறு. 1996 முதல் பிள்ளைகள் வளர்த்த பிராணிகள் அந்த கேட்ரிட்ஜ்களிலேயே நின்றுவிட்டன. ஒரே அட்வான்ஸ் பெட்டியில் காலையில் தங்கம், மாலையில் ரூபி என்று இரண்டையும் ஓட்டலாம். இரண்டுக்கும் இடையே ஒரு வார்த்தைகூடப் போகாது.

2004இல் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் பதிப்புகளோடு கம்பியில்லா அடாப்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். போர்ட்டில் மாட்டிக்கொள்ளும் குட்டி. இரண்டு ஆண்டுகூட மூத்திராத ரூபிக்கும் சஃபையருக்கும் அது பயன்படாது. அதோடு பேசும் மொழியை அந்த கேட்ரிட்ஜ்களில் யாரும் எழுதியிருக்கவில்லை.

ஸ்லாட் உண்டு, போர்ட் இல்லை

2004 நவம்பரில் வந்த நிண்டெண்டோ டிஎஸ்ஸின் அடிப்பக்கத்தில் அட்வான்ஸ் கேட்ரிட்ஜுக்கென ஒரு ஸ்லாட் இருந்தது. பழைய எட்டு பிட் சிப்பை விட்டுவிட்டதால் கேம் பாய், கலர் கேட்ரிட்ஜ்கள் இதில் ஓடாது. அட்வான்ஸ் கேம்கள் அருமையாக ஓடும். திரை வெளிச்சம் முன்பைவிட நன்றாகவே இருக்கும். விளம்பரத்திலும் விமர்சனத்திலும் இது பெரிய பாராட்டைப் பெற்றது. விலாவில் போர்ட் இல்லை. டிஎஸ்ஸுக்குள்ளேயே கம்பியில்லாத் தொடர்பு இருந்ததால், இனிக் கேபிள் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்.

அதன் விளைவு என்னவென்று செல்டா கேட்ரிட்ஜ் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். 2002இல் அட்வான்ஸுக்கு வந்த எ லிங்க் டு த பாஸ்ட் கேட்ரிட்ஜில் ஃபோர் ஸ்வோர்ட்ஸ் என்று இரண்டாவது கேம் ஒன்றும் சேர்ந்திருந்தது. அது கூட்டாக மட்டுமே ஆடக்கூடியது. இரண்டு பேராவது வேண்டும், ஆளுக்கொரு கேட்ரிட்ஜ் வேண்டும். டிஎஸ்ஸில் அந்த கேட்ரிட்ஜைச் சொருகினால் முதல் கேம் ஓடும், இரண்டாவதைத் தொட முடியாது. காசு கொடுத்து வாங்கிய கேட்ரிட்ஜில் பாதி செத்துக் கிடக்கும். 2011இல் நிண்டெண்டோவே ஃபோர் ஸ்வோர்ட்ஸைப் புதுப்பித்து டிஎஸ்ஐ பெட்டிகளுக்குச் சில மாதங்கள் இலவசமாகத் தந்தது. தனியாளாக ஆடும் வழியையும் அப்போதுதான் சேர்த்தார்கள்.

கேபிள் செய்ததையே காற்றில் செய்திருக்கலாமே என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. கேமுக்குத் தெரிந்ததெல்லாம் கையெட்டும் தூரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, தட்டினால் உடனே பதில் வரும் என்பதுதான். நடுவில் வானலை வந்தால் பதில் கொஞ்சம் தாமதமாகும், சில சமயம் தொலையும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்ரிட்ஜில் எழுதியிருக்காது. எழுதி முடித்துக் கடைக்குப் போன கேட்ரிட்ஜைத் திருத்தவும் முடியாது. பழைய சிப்பை உள்ளே வைத்தால் பழைய கேம் ஓடும், ஏனென்றால் சிப்பும் கேமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. கூட்டு ஆட்டத்தில் பாதி எப்போதும் இன்னொருவர் கையில்.

நம் ஊரில் பலருக்குப் போக்கிமான் கேம் அறிமுகமானது கணினியில் ஓடும் எமுலேட்டர் வழியாகத்தான். அவர்களைக் கேட்டால் தெரியும்: எமரால்டையோ ஃபயர்ரெட்டையோ பத்து முறை முடித்திருப்பார்கள், ஜெங்கரை மட்டும் வளர்த்திருக்க மாட்டார்கள். கேபிளின் மறுமுனையில் ஆளில்லை. இதற்காகவே கேமைத் திருத்தி, குறிப்பிட்ட நிலை வந்தால் ஹாண்டர் தானாக உருமாறும்படி செய்த பதிப்புகள் உலவின. வசதிதான். ஆனால் தஜிரியின் பூச்சி அதில் எங்கும் போவதில்லை.

2005இல் வந்த கேம் பாய் மைக்ரோவிலும் கேம் பாய், கலர் கேட்ரிட்ஜ்கள் ஓடாது; கேபிள் போர்ட்டும் மறுபடி வேறு வடிவம். 2008இன் டிஎஸ்ஐயில் அட்வான்ஸ் ஸ்லாட்டும் போயிற்று. சோனியின் பிஎஸ்பி ஜப்பானில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மான்ஸ்டர் ஹன்டர் ஆடும் வழக்கத்தைப் பரப்பியது. அடுத்து வந்த வீட்டாவில் பிஎஸ்பியின் யுஎம்டி தட்டுக்கு இடமே இல்லை. எல்லா நிறுவனத்துக்கும் இதே கதைதான்.

இன்று மிச்சமிருக்கும் வழி

2002இன் ரூபி கேட்ரிட்ஜில் ஒரு பிராணி இருக்கிறது என்று வையுங்கள். அதை இன்றைய பெட்டிக்குக் கொண்டுவர முடியும். முதலில் அட்வான்ஸ் ஸ்லாட் உள்ள டிஎஸ் ஒன்றில் ரூபியையும் 2006இன் டயமண்ட் அல்லது பேர்ல் பதிப்பையும் சேர்த்துச் சொருகி, ஆறு ஆறாக அனுப்ப வேண்டும். போனால் திரும்பாது. அங்கிருந்து 2010இன் பிளாக் அல்லது ஒயிட் பதிப்புக்கு. இதற்கு இரண்டு டிஎஸ் பெட்டிகள் வேண்டும். அங்கிருந்து 3டிஎஸ்ஸின் போக்கிமான் பேங்க், அங்கிருந்து போக்கிமான் ஹோம். 3டிஎஸ்ஸின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டதால், பேங்க்கை முன்பே இறக்கி வைத்திராதவர்களுக்கு அந்தப் பாலமும் இல்லை. தங்கம், வெள்ளியில் இருப்பவை எந்தப் பாலத்திலும் ஏற முடியாது. அந்த கேட்ரிட்ஜ்களில் சேமிப்பைக் காப்பது ஒரு நாணய பேட்டரி. கடிகாரத்தையும் அதுவே ஓட்டுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் சேமிப்பு போச்சு.

2016இல் போக்கிமானின் இருபதாம் ஆண்டுக்கு, முதல் பதிப்புகளை 3டிஎஸ்ஸில் விற்பனைக்கு விட்டபோது கேபிளுக்குப் பதில் கம்பியில்லாக் கைமாற்றையும் சேர்த்துத் தந்தார்கள். முடியாது என்று இருந்தது முடிந்தது. 2023 பிப்ரவரியில் சந்தா கட்டியவர்களுக்கு ஸ்விட்ச்சில் கேம் பாய், அட்வான்ஸ் கேம்களைத் தந்தபோதும் மரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட்டை இணையம் வழியே நான்கு பேர் ஆட வழி செய்தார்கள். 2021இன் இறுதியில் வந்த அனலாக் பாக்கெட் என்ற பெட்டி இன்னும் நேரடி: பழைய கேட்ரிட்ஜ் ஸ்லாட்டோடு கேபிள் போர்ட்டையும் வைத்தார்கள். ஒரு முனையில் 1998இன் கலர் பெட்டி, மறுமுனையில் இது என்று மாட்டலாம். ஆசைப்பட்டால் செய்ய முடிகிற வேலைதான் என்பதற்கு இவை சாட்சி.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2க்குள் முதல் ஸ்விட்ச்சின் சிப் இல்லை. பழைய கேமின் கட்டளைகளை ஓடஓட மொழிபெயர்த்து இயக்குகிறார்கள். பெரும்பாலான கேம்கள் அப்படித்தான் ஓடுகின்றன. இந்த முறை விலாவையும் மறக்கவில்லை. ஒருவரிடம் பழைய ஸ்விட்ச், மற்றவரிடம் புதியது என்றாலும் அருகருகே உட்கார்ந்து ஒரே கேமை ஆடலாம். கேம்ஷேர் என்று ஒரு வசதியில், கேம் வாங்காத நண்பரின் பழைய ஸ்விட்ச்சையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் காலத்தில் கேமின் ஒரு துண்டையே நண்பரின் பெட்டிக்கு அனுப்பினார்கள். இப்போது கேம் இங்கே ஓடுகிறது, படம் மட்டும் அங்கே போகிறது. எல்லா கேமிலும் இது கிடையாது. கேம் செய்பவர்கள் சம்மதித்துச் சேர்த்திருக்க வேண்டும். வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.